அண்ணி வெளியே நின்ற ஆட்டம்

தியாகேசனைப் பற்றி எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது அவனுடைய கோபத்தைத்தான். மடை திறப்பதில் ஒரு தகராறு, களம் பிடிப்பதில் ஒரு தகராறு, திருவிழா வரியில் ஒரு தகராறு என்று வருஷம் முழுக்க யாரையாவது முறைத்துக்கொண்டு நிற்பான். அவன் வீட்டுக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருக்கும் என்னோடுகூட மாதக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறான். அப்பேர்ப்பட்டவன் தலை குனிந்து நின்றதையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு கிரிக்கெட் ஆட்டத்தால் வந்த வினை அது. அந்த ஆட்டத்தில் இந்தியா ஜெயித்தது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோற்ற வருத்தம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

கீழ்வேளூரில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொதுவில் கொஞ்சம் நிலம். மூத்தவர் அமிர்தலிங்கம். மேட்டூர் நேரத்துக்குத் திறக்காமல் குறுவை அடுத்தடுத்துக் கைவிட்டதும், "ரெண்டு பேரும் சேந்து இதுலயே கெடந்து அல்லாட வேணாம்டா" என்று சொல்லிவிட்டு ஒரு ஏஜெண்டைப் பிடித்து ஷார்ஜாவுக்குப் போனார். அங்கே கட்டடங்களுக்குக் கம்பி கட்டும் வேலை. இங்கே அவர் மனைவி அம்சம், தம்பி தியாகேசன், தம்பி மனைவி ஜெயபாரதி, எல்லாருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. முதல் விடுப்பில் வந்தபோது அமிர்தலிங்கம் பெரிய கலர் டிவி ஒன்றை அட்டைப் பெட்டியோடு கொண்டுவந்து இறக்கினார். "நான் இல்லாதப்ப அம்சத்துக்குப் பொழுது போவணும்ல" என்று சொல்லித்தான் அதைக் கூடத்தில் வைத்தார். தியாகேசன் இதைச் சீக்கிரமே மறந்துபோனான்.

ஊருக்குள் கேபிள் வந்த பிறகு அந்தக் கூடம் எங்களுடையதாகிவிட்டது. ஆட்டம் இருக்கும் நாளில் கடையை அரைக் கதவாகச் சாத்திவிட்டு நான் போய்விடுவேன். மெயின் ரோட்டில் மளிகைக் கடை வைத்திருந்த அஹமது கபீர் பாயும் வந்துவிடுவார். கூடத்துக்கு என்று ஒரு சட்டம் இருந்தது, போட்டவன் தியாகேசன். நம் ஆட்கள் நன்றாக அடிக்கும்போது யார் எங்கே எப்படி இருக்கிறார்களோ அப்படியே இருக்க வேண்டும். அசைந்தால் ராசி போய்விடும். ஒருமுறை நான் தண்ணீர் குடிக்கச் சொம்பைத் தூக்கிய நேரம் பார்த்து இரண்டு பவுண்டரி போனது. அந்த ஜோடி பிரியும்வரை என்னைச் சொம்பைக் கீழே வைக்க விடவில்லை. கபீர் பாய் நெல் மூட்டைமேல்தான் உட்கார வேண்டும், நாற்காலி அவருக்கு ஆகாது. படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். அவரவர் வீட்டுக் கூடத்தில் அவர்களும் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

"ஆத்துல தண்ணி வரல, நெல்லுக்கு வெல இல்ல. இதுலயாவது ஜெயிக்க வேணாமா மாப்ள?" என்று என்னிடம் கேட்பான். கேட்பதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் தோன்றும். ஆனால் அவன் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. திரையின் மூலையில் ஓடும் எண்ணிக்கையைத்தான் பார்த்தான். இன்னும் எத்தனை ரன், எத்தனை பந்து, அவ்வளவுதான் அவன் கண்ணுக்குத் தெரியும். தோற்ற அன்று சாப்பிட மாட்டான். ஜெயபாரதியும் சளைத்தவள் இல்லை. "தோத்தாச்சுல்ல, ஒரு ஆளு சோறு மிச்சம்" என்று சொல்லி அவன் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள்.

அம்சம் அண்ணி பார்த்த விதம் வேறு. ஷார்ஜாவில் ஆட்டம் நடக்கும்போது கூட்டத்தைக் காட்டுவார்களே, அதில் புருஷன் முகம் தெரியுமா என்றுதான் முதலில் அவர் டிவி முன்னால் உட்கார்ந்தார். பார்க்கப் பார்க்க ஆட்டமே அவருக்குப் பிடித்துவிட்டது. ஆட்டக்காரர்கள் பெயரெல்லாம் தெரியாது. தாடிக்காரர், மெல்லுறவர், நெட்டக்கொக்கு என்று அவரே பெயர் வைத்துக்கொள்வார். எந்த நாட்டு ஆள் என்பதும் அவருக்குப் பெரிய விஷயமில்லை. எதிர் அணிக்காரன் ஒருவன் எல்லைக்கோடு வரை ஓடி விழுந்து பந்தைப் பிடித்தால், "எம்மாந்தூரம் ஓடியாந்து புடிக்கிறாரு பாருங்க, கை தட்டுனா என்னவாம்?" என்பார்.

"அண்ணி, அவுட்டானது நம்ம ஆளு!" என்று தியாகேசன் கத்துவான்.

"இருக்கட்டுமே தம்பி. புடிச்சவரும் ஒரு வீட்டுப் புள்ளதானே? அந்த வீட்டுலயும் நாலு பேரு பாத்துக்கிட்டு இருப்பாங்கல்ல?"

இப்படிப் பேசுகிறவர்மேல் பழி விழ எவ்வளவு நேரம் ஆகும்? ஒருநாள் அவர் மோர் கொண்டுவந்து வைத்த நேரம் ஒரு விக்கெட் விழுந்தது. அடுத்த ஆட்டத்தில் உளுந்து புடைக்க முறத்தோடு நிலைப்படியோரம் உட்கார்ந்தார், மறுபடியும் விக்கெட். அதோடு தீர்ப்பு எழுதியாகிவிட்டது. விழுவதற்கென்றே பத்து விக்கெட் இருக்கிற ஆட்டத்தில் யார் எப்போது உட்கார்ந்தாலும் ஒன்று விழத்தான் செய்யும். தியாகேசனுக்கு இது தெரியாதா என்ன, தெரியும். தெரிந்தும், "அண்ணி, ஒரு அஞ்சு ஓவர் அப்படி வெளிய இருங்களேன்" என்று சொல்லப் பழகினான். அஞ்சு ஓவர் என்பது ஆட்டம் முடியும்வரை நீளும். அண்ணி முகம் கோணாமல் எழுந்து கொல்லைக்குப் போய்விடுவார்.

"அக்கா, டிவி உங்களுது. நீங்க எதுக்கு எந்திரிக்கிறீங்க?" என்று ஜெயபாரதி சண்டைக்கு வருவாள்.

"போடி. ஜெயிச்சா தம்பி சந்தோசமா சாப்புடுறாருல்ல" என்பார் அண்ணி.

தொண்ணூற்றாறோ தொண்ணூற்றேழோ, ஷார்ஜாவில் ஒரு போட்டித் தொடர் நடந்தது. எங்கள் தெருவுக்கே அப்போது கபீர் பாய் கடையில்தான் போன். அமிர்தலிங்கம் அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவார், கடைப் பையன் ஓடிவந்து சொல்ல, அண்ணி போய்க் காத்திருந்து பேசுவார். அந்த வாரம் பேசிவிட்டு வந்தவர் நேராக என் கடைக்கு முன்னால் நின்றே சொல்லிவிட்டார். அவ்வளவு சந்தோஷம்.

"வெள்ளிக்கெழம லீவாம். கூட வேலை பாக்குறவங்களோட மேட்சுக்குப் போறாங்களாம். தலையில செவப்புத் துண்டு கட்டிக்கிட்டு, அட்டையில கீழ்வேளூர்னு தமிழ்ல எழுதிப் புடிச்சுக்கிட்டு நிப்பாங்களாம். என்னயப் பாக்கச் சொன்னாங்க."

அவர் புருஷனைப் பார்த்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. போட்டோ அனுப்பச் சொன்னால், இங்கே எல்லாம் தூசியாகக் கிடக்கிறது, என்ன போட்டோ என்று அமிர்தலிங்கம் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை அண்ணி மதியத்துக்குள் வேலையெல்லாம் முடித்து, தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். "அக்கா, நீங்கதான் அவரப் பாக்கப்போறீங்க. அவரு ஒங்களப் பாக்கப்போறதில்ல" என்று ஜெயபாரதி கேலி செய்தாள். அண்ணி வெட்கப்பட்டுச் சிரித்தார். முதலில் எதிர் அணி ஆடியது. அது எந்த அணி என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. கூட்டத்தைக் காட்டும்போதெல்லாம் அண்ணி திரைக்குப் பக்கத்தில் நகர்ந்து பார்த்தார். கொடிகளையும் தொப்பிகளையும் காட்டினார்கள், சிவப்புத் துண்டைக் காட்டவில்லை.

பிறகு நம் ஆட்கள் ஆட வந்தார்கள். வந்த வேகத்தில் இரண்டு விக்கெட் போயிற்று. தியாகேசன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இன்றைக்காவது வாயை மூடிக்கொண்டிருப்பான் என்று நான் நினைத்தேன். மூன்றாவது விக்கெட் விழுந்தது.

"அண்ணி..." என்று இழுத்தான்.

அண்ணிக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் எழாமல் இருந்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். "ஒங்க அண்ணனக் காட்டுனா ஒரு கொரல் குடுங்க தம்பி."

"இதச் சொல்லணுமா அண்ணி? கூப்புடாம இருப்பனா?"

அவர் கொல்லைக்குப் போனார், ஜெயபாரதியும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனாள். ஊறவைத்திருந்த நெல்லை அன்றைக்கு அவிக்கப்போவதில்லை என்று சொல்லியிருந்தவர், சும்மா நிற்க முடியாமல் அடுப்பைப் பற்றவைத்தார் போலிருக்கிறது. நெல் அவியும் வாசனை கூடம் வரைக்கும் வந்தது. அவர் போனதும் ஒரு ஜோடி நிலைத்துவிட்டது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதற்குப் பிறகு ஒரு தப்பான அடி இல்லை. கூடத்தில் நாங்கள் மூச்சுவிடவும் யோசித்தோம். தேவைப்படும் ரன் குறைந்துகொண்டே வந்தது.

ஓர் ஓவர் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கூட்டத்தைக் காட்டினார்கள். முதலில் ஒரு அட்டை தெரிந்தது. அதில் தமிழில் கீழ்வேளூர்.

"ஏய், அமிர்தலிங்கம் அண்ணன்டா!" என்று கபீர் பாய் மூட்டைமேலிருந்தே கூவினார்.

நான் அண்ணியைக் கூப்பிட எழுந்தேன். தியாகேசன் என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான். "அசையாத! அசைஞ்சா கொன்னுடுவேன். யாரும் கத்தக் கூடாது." கபீர் பாய் திறந்த வாயை மூடிக்கொண்டார். எழுந்து போகக்கூட வேண்டியதில்லை. கொல்லைக் கதவு திறந்துதான் இருந்தது, இருந்த இடத்திலிருந்தே அண்ணி என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். அதற்குள் திரையில் பந்து வீச ஓடிவர ஆரம்பித்துவிட்டார்கள்.

ஜெயித்தோம். கடைத்தெருவில் வெடி போட்டார்கள். அந்தச் சத்தம் கேட்டு அண்ணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே ஓடிவந்தார். தலையில் பூ அப்படியே இருந்தது, முகமெல்லாம் புகை.

"ஜெயிச்சாச்சா? நீங்க கூப்புடவே இல்லியே. காட்டலியா அவங்கள?"

தியாகேசன் வாயைத் திறப்பதற்குள் கபீர் பாய் முந்திக்கொண்டார். அவர் மனதில் கள்ளம் கிடையாது. "காட்டுனாங்களே அண்ணி! அட்டையெல்லாம் புடிச்சுக்கிட்டு நின்னாரு" என்றவர், பாதியிலேயே என்ன செய்துவிட்டோம் என்று புரிந்து நிறுத்தினார்.

அண்ணி கோபப்படவில்லை. அழவும் இல்லை. தியாகேசனுக்கு முன்னால் வந்து நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஆளு எப்படி இருந்தாங்க தம்பி? எளச்சிருந்தாங்களா?"

தியாகேசன் யோசித்தான். யோசிக்க யோசிக்க அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். அண்ணனைக் காட்டிய நேரத்திலும் அவன் கண் மூலையில் இருந்த எண்ணிக்கையில் இருந்திருக்கிறது. அட்டை தெரிந்தது, துண்டு தெரிந்தது, முகத்தை அவன் பார்க்கவில்லை. கபீர் பாயைப் பார்த்தான். அவருக்கு அட்டையில் இருந்த எழுத்துதான் நினைவு. என் கையை அவன் பிடித்து இழுத்துக்கொண்டிருந்ததில் நானும் பார்க்கவில்லை. கூடப் பிறந்தவரை மூன்று வருஷம் கழித்து எதிரே காட்டியும் இளைத்திருந்தாரா இல்லையா என்று சொல்ல அந்தக் கூடத்தில் ஆள் இல்லை.

"கவனிக்கல அண்ணி" என்றான்.

"சரி, பரவால்ல" என்று சொல்லிவிட்டு அண்ணி அடுப்பைப் பார்க்கப் போனார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, ஜெயித்தும் தியாகேசன் சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் போன் வந்தபோது நான் கபீர் பாய் கடையில் சோப்பு வாங்க நின்றிருந்தேன். தியாகேசன் அண்ணியோடு கூடவே வந்திருந்தான். எப்போதும் அப்படி வருகிறவன் இல்லை. அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று வந்தானாம், பிறகு என்னிடம் சொன்னான். ரிசீவரை அண்ணிதான் வாங்கினார். அந்தப் பக்கத்துக் குரல் எங்களுக்கே கேட்டது, அவ்வளவு உற்சாகம். பாத்தியா, பாத்தியா என்று அமிர்தலிங்கம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"பாத்தேங்க" என்றார் அண்ணி. "நல்லாத் தெரிஞ்சிச்சு. செவப்புத் துண்டு, அட்டை எல்லாம் தெரிஞ்சிச்சு. கொஞ்சம் எளச்சிருக்கீங்க. நேரத்துக்குச் சாப்புடுங்க."

பிறகு தம்பியிடம் ரிசீவரை நீட்டினார். தியாகேசன் அதைக் காதில் வைத்துக்கொண்டு, "நல்லாருக்கோம்ணே, நல்லாருக்கோம்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். கடைக்கு வெளியே வந்ததும் அண்ணியிடம் ஏதோ பேச வாயெடுத்தான். "விடுங்க தம்பி. அவ்வளவு தூரத்துல இருக்கறவங்களுக்கு எதுக்கு மனக்கஷ்டம்?" என்று அவர் நடந்துவிட்டார்.

அண்ணி நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்குத் தெம்பாக இருந்திருக்கும். சண்டை போட்டுத் தீர்க்க மட்டும்தான் அவனுக்குத் தெரியும். இதை என்ன செய்வது என்று தெரியவில்லை. டிவி பக்கமே போகாமல் இருந்தான். ஆட்டம் நடக்கும் நாளில் வயலில் இல்லாத வேலையை உண்டாக்கிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தான். "எந்தப் பந்தப் பாத்தாலும் அந்தக் கேள்விதான் மாப்ள கேக்குது" என்றான் என்னிடம். கூடத்தில் அண்ணியும் ஜெயபாரதியும் மட்டும் பார்த்தார்கள். கடைசியில் ஒருநாள் அண்ணியே வரப்புக்கு ஆள் அனுப்பினார். நெட்டக்கொக்கு பந்து போடுகிறார், தனியாகப் பார்க்க நன்றாக இல்லை, தம்பியை வரச் சொல்லு.

போனான். அதற்குப் பிறகு அண்ணி உட்காராமல் அவன் உட்கார்ந்ததில்லை. பழைய சட்டம் போயிற்று. நான் வேண்டுமட்டும் தண்ணீர் குடித்தேன், கபீர் பாய்க்கு நாற்காலி கிடைத்தது. அண்ணி கை காட்டுகிற இடத்தையெல்லாம் தியாகேசன் பார்க்கப் பழகினான். அடி வாங்கிய பந்துவீச்சாளன் தொப்பியை வாங்கிக்கொண்டு தனியாக நடந்து போவது, கேட்சை விட்டவன் புல்லையே பார்த்துக்கொண்டு நிற்பது, கூட்டத்தில் யாரோ ஒருத்தியின் தோளில் குழந்தை தூங்குவது. கூட்டத்தைக் காட்டினால் மட்டும் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடுவான். சென்னையில் பாகிஸ்தானோடு நடந்த டெஸ்ட்டில் நாம் நூலிழையில் தோற்றோம், சேப்பாக்கம் முழுக்க எழுந்து நின்று ஜெயித்தவர்களுக்குக் கை தட்டியது. எங்கள் கூடத்தில் முதலில் அண்ணி தட்டினார், அடுத்து தியாகேசன். கபீர் பாய் எங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு அப்புறம் தட்டினார். ராத்திரி தட்டில் சோறு இருந்தது, தியாகேசன் சாப்பிட்டான். ஆட்டம் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் குற்றம் குறுகுறுக்கத்தானே செய்யும். இடையில் அமிர்தலிங்கம் ஒருமுறை விடுப்பில் வந்தபோது, டிவியில் வந்த கதையைப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். "அம்சம் பாத்திருக்கா. எளச்சிருக்கேன்னு கரெக்டா சொல்லிட்டா" என்று சொல்லும்போதெல்லாம் தியாகேசன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய்விடுவான். அந்த விடுப்பில் தங்கள் வயலில் புல் பூண்டே இல்லாமல் இருந்தது என்று ஜெயபாரதி இன்றும் சொல்வாள்.

இரண்டாயிரத்து மூன்றில் அமிர்தலிங்கம் ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டார். ஆற்றில் தண்ணீரே வராத வருஷம் அது. வயல் வெடித்துக் கிடந்தது, எல்லாரும் வீட்டில்தான் இருந்தார்கள். உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தன்று கூடம் நிறைந்துவிட்டது. அமிர்தலிங்கம் நடுநாயகமாக நாற்காலியில். ஆஸ்திரேலியாக்காரர்கள் மலையாக அடித்து வைத்துவிட்டுப் போனார்கள். நாம் ஆட வந்த முதல் ஓவரிலேயே பெரிய விக்கெட் போயிற்று. அந்த நேரம் பார்த்து அண்ணி டீ டம்ளர்களோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

"அம்சம், நீ செத்த வெளிய இரேன்" என்றார் அமிர்தலிங்கம். "நீ வந்து ஒக்காந்த, விக்கெட்டு போச்சு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஷார்ஜாவில் அவர் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப்பிலும் இதே ராசிக் கணக்குத்தான் போலிருக்கிறது.

அண்ணி எழப்போனார்.

"அண்ணி, ஒக்காருங்க" என்றான் தியாகேசன். அண்ணன் எதிரில் அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அமிர்தலிங்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஒங்கள டிவில காட்டுனத அண்ணி பாக்கலண்ணே. நான்தான் இதே மாதிரி வெளிய அனுப்பினேன். காட்டுனா கூப்புடுங்கன்னாங்க. கூப்புடல. ஆட்டம் போயிடும்னு கூப்புடல."

டிவி மட்டும் கத்திக்கொண்டிருந்தது. யாரோ சத்தத்தைக் குறைத்தார்கள். அமிர்தலிங்கம் மனைவியைப் பார்த்தார். "பாத்தேன்னியே? எளச்சிருக்கேன்னு சொன்னியே?"

"ஊரு விட்டு ஊரு போயி ஒழைக்கிறவங்க எளைக்காம இருப்பாங்களா?" என்றார் அண்ணி.

"அப்ப எனக்கு மஞ்சக்காமாலை வந்து எந்திரிச்ச நேரம்" என்றார் அமிர்தலிங்கம் மெதுவாக. "ஒங்க யாருக்கும் சொல்லல. பயப்படுவீங்கன்னு சொல்லல. நீ எப்படிக் கண்டுபுடிச்சன்னு கேம்ப்பு பூரா சொல்லிப் பெருமப்பட்டேன்."

"மஞ்சக்காமாலையா?" என்றார் அண்ணி. இத்தனை வருஷத்தில் அவர் முகம் வாடி நான் பார்த்தது அப்போதுதான். "பாத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார், யாரிடமென்றும் இல்லாமல்.

அடுத்த விக்கெட்டும் விழுந்தது. தியாகேசன் திரையைப் பார்க்கவில்லை. எழுந்து வந்து அண்ணன் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்தான். குழி விழுந்த கன்னம், நரைத்த தாடி, கண்ணுக்குக் கீழே கருப்பு. நிதானமாக, ஒன்றும் விட்டுப்போகாமல் பார்த்தான். பிறகு அண்ணி பக்கம் திரும்பினான்.

"எளச்சுதான் இருக்காரு அண்ணி" என்றான்.